எட்டுக் கட்டைகளும் ஒரு சதுரத் தாளும்: ஃப்ரோபெலின் வடிவியல் பாடம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு தாள் நிறைய வடிவங்களை வரைந்து கொடுத்து, "இதுல முக்கோணம் எதெல்லாம்னு காட்டு" என்று கேட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் டக்ளஸ் கிளமென்ட்ஸ், சுதா சுவாமிநாதன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், மூன்றரை வயது தொடங்கி ஏழு வயதை எட்டாத 97 குழந்தைகளிடம் இப்படிக் கேட்டுப் பார்த்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வட்டத்தை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் சரியாகச் சொன்னார்கள். சதுரத்திலும் பெரிய தடுமாற்றம் இல்லை. முக்கோணத்துக்கு வந்ததும் சரியான விடைகள் சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கின. செவ்வகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 54 சதவீதம்.

தவறுகள் எந்த மாதிரியானவை என்பதைத்தான் ஆசிரியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒல்லியாக நீண்ட முக்கோணத்தைக் குழந்தைகள் ஒதுக்குகிறார்கள். பக்கம் வளைந்திருந்தாலும் பார்ப்பதற்கு முக்கோணச் சாயல் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். சாய்ந்து நிற்கும் இணைகரத்தைச் செவ்வகம் என்கிறார்கள். மூன்று பக்கம், மூன்று முனை என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வதில்லை. மனதில் ஒட்டியிருக்கும் ஒரு படத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் படம் நம் எல்.கே.ஜி. வகுப்புச் சுவரிலும் தொங்குகிறது. அடிப்பக்கம் கிடையாக, உச்சி நேர் மேலே, மூன்று பக்கமும் சமமாக ஒரு முக்கோணம். பக்கத்தில் ஒரு வட்டம், ஒரு சதுரம், படுத்த வாக்கில் ஒரு செவ்வகம். பெயரைச் சொல்லச் சொல்கிறோம், குழந்தை சொல்கிறது, வடிவியல் பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நெதர்லாந்தில் டீனா வான் ஹீலே கெல்டோஃப், பியர் வான் ஹீலே என்ற கணவன் மனைவி ஆசிரியர்கள் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடுகளில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வடிவியல் சிந்தனை படிநிலைகளாக வளர்கிறது. முதல் படியில் குழந்தை வடிவத்தை மொத்தத் தோற்றமாகவே பார்க்கும். அடுத்த படியில்தான் பக்கம், கோணம் போன்ற பண்புகள் தெரியத் தொடங்கும். அந்தப் படி ஏறுவது வயதைவிடக் கற்பித்தலையே அதிகம் சார்ந்தது என்பதுதான் அவர்கள் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஏழு வயது ஆனால் தானாக வந்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

அப்படியானால் அந்தப் படி ஏற என்ன தர வேண்டும்? இதற்கு மிகப் பழைய, மிக முழுமையான பதில் ஒன்றை 1837-இல் ஜெர்மனியின் ஒரு சிறிய ஊரில் ஃப்ரோபெல் என்பவர் மரக்கட்டைகளாகச் செய்து வைத்தார். அந்தப் பதில் எப்படி உருவானது, எதனால் வேலை செய்தது, எந்த இடத்தில் கெட்டுப்போனது, சென்னையில் எப்படி வேறொரு உருவம் எடுத்தது என்பதே இந்த ஆய்வு.

படிகங்களிலிருந்து வந்தவர்

ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் 1782-இல் துரிங்கியா மலைப்பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தவர். இளமையில் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகினார். 1808 முதல் இரண்டு ஆண்டுகள் ஸ்விட்சர்லாந்தின் இவர்டனில் கல்வியாளர் பெஸ்டலாசியின் பள்ளியில் தங்கி, கற்பிக்கும் கலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பொருளைக் கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்ற பெஸ்டலாசியின் கொள்கையை ஏற்றுக்கொண்டார். ஆனால் பெஸ்டலாசி வடிவத்தைக் கோட்டிலிருந்தும், கோடுகளால் பிரிக்கப்பட்ட சதுரத்திலிருந்தும் தொடங்கினார். ஃப்ரோபெல் பின்னால் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினார்.

திருப்பியதற்குக் காரணம் அவர் அடுத்துப் பார்த்த வேலை என்று நினைக்கிறேன். 1814 முதல் 1816 வரை பெர்லினில் கனிமக் காட்சியகத்தில், படிகவியல் அறிஞர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸுக்கு உதவியாளராக இருந்தார். படிகங்களை அவற்றின் அச்சுகளை வைத்து வகைப்படுத்தலாம் என்று வைஸ் நிறுவிக்கொண்டிருந்த காலம் அது. நாள் முழுக்க ஒரு படிகத்தைக் கையில் எடுத்து, திருப்பி, எந்த அச்சைச் சுற்றித் திருப்பினால் அதே தோற்றம் மறுபடி வருகிறது என்று பார்க்கும் வேலை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதே படிகம்தான். தோற்றம் மட்டும் மாறுகிறது. சுவரில் தொங்கும் முக்கோணப் படத்தால் தர முடியாத அறிவு இது. ஸ்டாக்ஹோமில் கனிமவியல் பேராசிரியர் பதவி தேடி வந்தும் அதை விட்டுவிட்டு, 1816-இல் பள்ளி தொடங்கப் போனார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1837-இல், பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்காகத் தனியாக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அங்கேதான் 'பரிசுகள்' என்று அவர் அழைத்த விளையாட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக உருவாயின.

பெட்டிகளின் வரிசை

முதல் பரிசு நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். கைக்குழந்தைக்கே கொடுக்கலாம். இரண்டாவது, மரத்தில் செய்த கோளம், உருளை, கனசதுரம். இந்த இரண்டாம் பரிசில் ஒரு நுட்பம் உண்டு. கனசதுரத்தில் கயிறு கோக்க வளையங்கள் இருக்கும். ஒரு முகத்தின் நடுவில் கட்டித் தொங்கவிட்டு முறுக்கிச் சுழலவிட்டால், சுழலும்போது அது உருளையாகத் தெரியும். ஒரு மூலையில் கட்டிச் சுழற்றினால், மேலும் கீழும் கூம்பு, நடுவில் உள்வாங்கிய வளைவு. கட்டையில் எங்குமே வளைவு இல்லை. ஆனாலும் வளைவு தெரிகிறது. கனசதுரத்துக்குள் உருளை ஒளிந்திருப்பதை ஐந்து வயதில் கண்ணால் கண்ட குழந்தை, பிற்பாடு சுழற்சி அச்சு என்ற சொல்லைக் கேட்கும்போது அதை எங்கே பொருத்துவது என்று திணறாது.

மூன்றாவது பரிசு, இரண்டு அங்குலப் பக்கம் உள்ள ஒரு கனசதுரம். அது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். நான்காவதும் அதே அளவுதான், ஆனால் எட்டுச் செங்கல் வடிவத் துண்டுகளாகப் பிரியும். ஐந்தாவது, மூன்று அங்குலக் கனசதுரம். 27 சிறு கட்டைகளில் மூன்றைக் குறுக்காக இரண்டாகவும், மூன்றை நான்காகவும் வெட்டி, மொத்தம் 39 துண்டுகள். ஆறாவது, செங்கல்களாலும் அவற்றை வெட்டிய துண்டுகளாலும் ஆன 36 துண்டுகள்.

இதற்குப் பிறகு வடிவங்கள் தட்டையாகின்றன: சதுர, முக்கோண மரத் தகடுகள். பின்பு குச்சிகள், வளையங்கள். கடைசியில் விதைகளும் கூழாங்கற்களும், அதாவது புள்ளிகள். திண்மம், பரப்பு, கோடு, புள்ளி என்று வரிசை இறங்குகிறது. நம் பாடநூல்கள் பெரும்பாலும் புள்ளியில் தொடங்கி, கோடு, கோணம், முக்கோணம் என்று போய், கனவடிவங்களைக் கடைசி அத்தியாயத்தில் வைக்கின்றன. தர்க்கப்படி அது சரியான வரிசைதான். ஆனால் நீளம், அகலம், தடிமன் எதுவும் இல்லாத ஒரு பொருளை எந்தக் குழந்தையும் தொட்டதில்லை. கட்டையைத் தொட்டிருக்கிறது. கட்டையின் மேல்பக்கத்தைத் தடவினால் பரப்பு. இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் விளிம்பு. விளிம்புகள் கூடும் இடத்தில் விரல் நுனியில் குத்துவது முனை. இப்படி வந்தால் கோடும் புள்ளியும் கட்டையின் பகுதிகளாகவே அறிமுகமாகின்றன.

மூன்றாம் பரிசை வைத்து என்ன செய்தார்கள்

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கட்டைகள் ஒரு சிறு மரப்பெட்டியில் இருக்கும். பெட்டியை மேசையில் கவிழ்த்து, அடியில் இருக்கும் மூடியை உருவிவிட்டு, பெட்டியைத் தூக்குவார்கள். எட்டுக் கட்டைகளும் சிதறாமல் ஒரே கனசதுரமாக நிற்கும். குழந்தை முதலில் பார்ப்பது முழுமையை. அப்புறம்தான் அது பிரியும் என்று தெரிகிறது. விளையாட்டு முடிந்ததும் அதே கனசதுரமாகச் சேர்த்துப் பெட்டியைக் கவிழ்த்து மூட வேண்டும். வேலை நேரத்தில் இரண்டு விதிகள். கட்டும் எந்த உருவத்திலும் எட்டுக் கட்டைகளும் இடம்பெற வேண்டும். ஓர் உருவத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கக் கூடாது. இருக்கிற உருவத்தில் ஒன்றிரண்டு கட்டைகளை நகர்த்தியே போக வேண்டும். மேசையில் ஓர் அங்குலக் கட்டங்கள் கோடு போட்டிருக்கும்.

கட்டும் உருவங்களை ஃப்ரோபெல் மூன்றாகப் பிரித்தார். வாழ்க்கை வடிவங்கள்: நாற்காலி, படிக்கட்டு, கிணறு, வாசல். அழகு வடிவங்கள்: நடுவில் நான்கு கட்டைகள், சுற்றிலும் நான்கு. சுற்றியிருப்பதில் ஒன்றை நகர்த்தினால் எதிர்ப்பக்கத்துக் கட்டையையும் அதேபோல் நகர்த்த வேண்டும். அப்புறம் மற்ற இரண்டையும். ஒவ்வொரு நகர்விலும் புதுப் பூ ஒன்று விரியும். புள்ளிக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு இதை விளக்கவே தேவையில்லை. மூன்றாவது, அறிவு வடிவங்கள்: கனசதுரத்தை நடுவே பிரித்தால் இரண்டு பாதி; நேராகப் பிரிக்கலாம், குறுக்காகப் பிரிக்கலாம், கிடையாகவும் பிரிக்கலாம்; எப்படிப் பிரித்தாலும் பாதி பாதிதான்.

எட்டுக் கட்டைகளும் இடம்பெற வேண்டும் என்ற விதி எவ்வளவு ஆழமானது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். எட்டையும் வைத்து எத்தனை விதமான செவ்வகப் பெட்டி கட்டலாம்? மூன்றே மூன்று. இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு என்ற கனசதுரம். நான்குக்கு இரண்டு என்ற தட்டைப் பலகை. எட்டுக் கட்டையை வரிசையாக வைத்த ஒரு நீளத் தூண். மரத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. வெளியே தெரியும் சதுரங்களை எண்ணச் சொன்னால், அடியில் இருப்பதையும் சேர்த்து, கனசதுரத்தில் 24, பலகையில் 28, தூணில் 34. எட்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் 48. கொள்ளளவு மாறாமல் பரப்பு மட்டும் மாறுகிறது என்பது நடுநிலைப் பள்ளிப் பாடம். ஆறு வயதுக் குழந்தை இதை விரலால் எண்ணிக் கண்டுபிடிக்கும். சூத்திரம் வரும் நாளில் அந்த எண்ணிக்கை அதன் நினைவில் இருக்கும்.

அடுத்து நான்காம் பரிசைப் பக்கத்தில் வையுங்கள். அதன் செங்கல் ஒவ்வொன்றும் இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம், அரை அங்குலத் தடிமன். ஒரு கையில் மூன்றாம் பரிசின் சிறு கனசதுரம், இன்னொரு கையில் இந்தச் செங்கல். எதில் மரம் அதிகம்? குழந்தைகள் பொதுவாக நீளமானதையே காட்டுவார்கள். இப்போது இரண்டு கனசதுரங்களை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு செங்கல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். இரண்டும் இரண்டும் சமம் என்றால் ஒன்றும் ஒன்றும் சமம். இது நிரூபணம். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை செய்து முடித்த நிரூபணம். ஃப்ரோபெல் பரிசுகளில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுதான்; பெட்டிகளின் அளவை அவர் எவ்வளவு யோசித்து முடிவு செய்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐந்தாம் பரிசின் அரைக் கட்டைகளைக் கொண்டு இன்னும் தூரம் போகலாம். மேலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தெரியும் ஓர் அரைக் கட்டையை நடுவில் வைத்து, அதன் இரண்டு சிறிய பக்கங்களிலும் ஒவ்வொரு முழுக் கட்டையை ஒட்டி வைக்கலாம். நீளமான சாய்ந்த பக்கத்தில் ஒரு சதுரம் அமைக்க நான்கு அரைக் கட்டைகள் வேண்டும். நான்கு அரை, இரண்டு முழு. பிதாகரஸ் தேற்றத்தின் மிக எளிய வடிவம் மேசைமேல் கிடக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

குச்சிப் பருவத்தில் ஒரு வேலை உண்டு: ஊறவைத்த பட்டாணியில் கூர் சீவிய குச்சிகளைச் செருகி உருவங்கள் கட்டுவது. பட்டாணி காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். 1899-இல் மாசசூசெட்ஸில் ஒரு கிண்டர்கார்டனில், கண்பார்வை மிக மோசமாக இருந்த ஒரு சிறுவனுக்கு இந்த வேலை தரப்பட்டது. மற்ற பிள்ளைகள் பார்த்துப் பழகிய வீடுகளைப் போலச் சதுரச் சட்டங்கள் கட்டினார்கள். அவனோ தொட்டுத் தொட்டு, அசையாமல் நிற்கும் உருவத்தைத் தேடி, முக்கோணங்களாலேயே கட்டினான். பின்னாளில் குவிமாடக் கட்டடங்களுக்குப் பெயர் பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லர்தான் அந்தச் சிறுவன். இதை அவரே சொல்லியிருக்கிறார். சதுரச் சட்டம் சரியும், முக்கோணச் சட்டம் சரியாது என்பது கைக்குத் தெரியும் அறிவு.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டும் சிறுவயதில் இந்தக் கட்டைகளோடு விளையாடியவர். 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அவருடைய தாய் இவற்றைப் பார்த்தார். ஃப்ரோபெல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் தவறாமல் சொல்வார்கள். மேதைகளின் நினைவுகளைக் கற்பித்தல் முறைக்கான சான்றாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். அதே கட்டைகளோடு விளையாடி, பின்னர் தையல்காரராகவோ கடைக்காரராகவோ ஆன ஆயிரக்கணக்கானவர்கள் என்ன கற்றார்கள் என்பதுதான் ஓர் ஆசிரியருக்குத் தேவையான கேள்வி. இன்றைய ஆய்வுகள் ஓரளவு உதவுகின்றன. பிரையன் வெர்டைனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரியைப் பார்த்து அதேபோல் கட்டைகளைப் பொருத்தும் திறனும் தொடக்கநிலைக் கணிதத் திறனும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சேர்ந்தே காணப்பட்டன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் கட்டை விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் முடியாது.

எங்கே கெட்டது

1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. ஃப்ரோபெலின் உறவினர் கார்ல் ஃப்ரோபெலின் கருத்துகளை இவருடையதாக எண்ணிக் குழப்பிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் இறந்தார். தடை 1860-இல் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய மாணவிகளும் நண்பர்களும் முறையை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1856-இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் மார்கரெட்டே ஷுர்ஸ் ஜெர்மன் மொழிக் கிண்டர்கார்டன் தொடங்கினார். 1873-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் புளோ அரசுப் பள்ளிக்குள்ளேயே கிண்டர்கார்டனைக் கொண்டுவந்தார். மில்டன் பிராட்லி நிறுவனம் பரிசுகளைத் தயாரித்து விற்றது.

பரவிய வேகத்தில் முறை இறுகியது. பெட்டியோடு கையேடும் வந்தது. கையேட்டில் எந்தக் கட்டையை எப்போது எங்கே நகர்த்த வேண்டும் என்று வரிசையாக இருந்தது. ஆசிரியை சொல்லச் சொல்ல, எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே கட்டத்துக்கு நகர்த்தினார்கள். ஒன்றை நகர்த்தினால் எதிர்க் கட்டையையும் நகர்த்த வேண்டும் என்ற கண்டுபிடிப்பு கட்டளையாக மாறியது. குழந்தை முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை. மேசையில் அழகான பூ விரிந்தது. அது ஏன் விரிந்தது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஃப்ரோபெலுக்கும் பங்கு உண்டு. கோளம் ஒருமையின் அடையாளம், கனசதுரம் பன்மையின் அடையாளம் என்று அவர் ஒவ்வொரு பொருளுக்கும் தத்துவப் பொருள் ஏற்றி எழுதினார். இந்த அடையாளங்களைக் குழந்தை தானாக உணர்ந்துவிடும் என்றும் நம்பினார். பின்வந்தவர்களில் பலர் அந்த அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, கட்டையைத் திருப்பிப் பார்க்கும் சுதந்திரத்தை விட்டுவிட்டார்கள். 1890-களில் ஸ்டான்லி ஹால், ஜான் டூயி போன்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் இந்த முறையைக் கடுமையாக விமரிசித்தார்கள். ஓர் அங்குலத் துண்டுகள் சின்ன விரல்களுக்கு மிக நுண்ணிய வேலை என்பதும் அன்றைய விமரிசனங்களில் ஒன்று. பேட்டி ஸ்மித் ஹில் கட்டைகளைப் பெரிதாக்கினார். நியூயார்க்கில் கரோலின் பிராட் வடிவமைத்த அலகுக் கட்டைகள் இன்றும் உலகம் முழுக்க மழலையர் பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றின் அடிப்படைக் கட்டை ஐந்தரை அங்குல நீளம், அதில் பாதி அகலம், அதிலும் பாதி தடிமன். அளவுகளின் விகிதம் என்ற ஃப்ரோபெலின் உயிர்நாடி அதில் தப்பியது. கையேடு போய்விட்டது. நல்லதுதான்.

கூடவே ஒன்று போனது, அதுதான் எனக்கு வருத்தம். எட்டையும் பயன்படுத்து, கலைக்காமல் மாற்று என்ற இரண்டு விதிகளும் கட்டளைப் பாடத்தோடு சேர்த்துக் குப்பைக்குப் போயின. அந்த விதிகள் கட்டாயப்படுத்தல் இல்லை, அவை கணிதம். அளவு மாறாது, அமைப்பு மாறும் என்பதைக் கைக்குச் சொல்லிக்கொடுத்தவை அவை. கட்டுப்பாடே இல்லாத கட்டை விளையாட்டு இன்பமானது, அதற்கும் இடம் வேண்டும். ஆனால் அதில் இந்த அறிவு தற்செயலாகத்தான் கிடைக்கும்.

சென்னை, 1893

ஃப்ரோபெலின் பரிசுகளில் முதல் ஆறுக்கும் எண் உறுதியாக இருந்தது. பின்னால் வந்த தகடு, குச்சி, தாள் வேலைகளுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு எண் கொடுத்தார்கள். அப்படி எட்டாம் பரிசு என்ற எண்ணோடு வந்த தாள் மடிப்புப் பெட்டி ஒன்று, பல வண்ணச் சதுரத் தாள்கள் இருநூறோடு, சென்னை மாகாணத்தில் தண்டலம் சுந்தர ராவ் கைக்கு எட்டியது. 1853-இல் பிறந்தவர், வருவாய்த் துறை அதிகாரி, கணிதத்தில் தோய்ந்தவர். குழந்தைகள் படகும் பெட்டியும் மடிக்க வந்த அந்தத் தாளைக் கையில் எடுத்து, இதில் எவ்வளவு வடிவியல் செய்ய முடியும் என்று அவர் கேட்டுக்கொண்டார். பதிலாக 1893-இல் சென்னையில் வெளிவந்தது, தாள் மடிப்பு வழியாக வடிவியல் பயிற்சிகள் தரும் அவருடைய ஆங்கில நூல். கிண்டர்கார்டன் பரிசிலிருந்துதான் எண்ணம் வந்தது என்று முன்னுரையிலேயே சொல்கிறார். சதுரத்தில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று போய், பரவளையம் போன்ற கூம்பு வெட்டுகள் வரை தாளிலேயே மடிக்கிறார். கருவி என்று தேவைப்படுவது ஒரு பேனாக்கத்தியும், சம நீளம் குறிக்கச் சில துண்டுத் தாள்களும் மட்டும். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதன் வழியாகவே அமெரிக்க ஆசிரியர்கள் இதைத் தேடிப் பிடித்து, 1901-இல் சிகாகோவில் பதிப்பித்தார்கள்.

ஜெர்மனியில் கிளம்பி, சென்னையில் வளர்ந்து, ஜெர்மன் அறிஞர் ஒருவர் வாயால் உலகுக்குத் தெரியவந்த சங்கதி இது. நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுந்தர ராவின் பெயர் இதைவிட அதிகமாக ஒலிக்க வேண்டும்.

மரக்கட்டையில் இருந்த அதே இரண்டு விதிகளும் தாளில் தாமாகவே இருக்கின்றன. தாள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, ஆகவே அளவு மாறாது. முன் மடிப்பு போகாமல் கோடாக நின்றுவிடும், ஆகவே கலைத்துவிட்டுத் தொடங்க முடியாது. கையேட்டால் கெடுக்க முடியாத பொருள் தாள் என்றுகூடச் சொல்வேன்; ஏனென்றால் தப்பாக மடித்தால் முனைகள் சேராது, ஆசிரியர் சொல்லும் முன்பே குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

வகுப்பில் எப்படி

ஃப்ரோபெல் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் சதுர ரீப்பர் கட்டை மிச்சம் இருந்தால் சம அளவில் எட்டுத் துண்டு அறுத்து, உப்புத்தாள் தேய்த்துத் தரச் சொல்லலாம். அங்குலக் கணக்கு முக்கியமில்லை. எட்டும் துல்லியமாகக் கனசதுரமாக இருப்பதுதான் முக்கியம். சின்னக் கைகளுக்கு இரண்டு அங்குலம் வசதி. செங்கல் துண்டுகளையும் செய்தால், நீளம் கனசதுரத்தின் பக்கத்தைப்போல் இரு மடங்கு, தடிமன் பாதி என்று தச்சரிடம் எழுதிக் கொடுங்கள். பட்டாணி வேலைக்கு ஈர்க்குச்சி போதும்.

மூன்று, நான்கு வயதில் பெயர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கட்டையைப் பைக்குள் போட்டு, பார்க்காமல் தொட்டு, உருளுமா உருளாதா, எங்கே குத்துகிறது என்று பேசவிடுங்கள். ஐந்து வயதில் எட்டுக் கட்டை விளையாட்டு. விதிகளை உத்தரவாகச் சொல்லாமல் சவாலாகச் சொல்லுங்கள்: "எட்டையும் வச்சு நாற்காலி கட்டியாச்சு. ரெண்டே ரெண்டு கட்டைய நகர்த்தி இத வேற ஏதாவதா மாத்த முடியுமா?" என்ன வருகிறது என்று குழந்தைதான் சொல்ல வேண்டும். நாம் நினைத்தது வராவிட்டால் அதைத் திருத்தக் கூடாது. இந்த இடத்தில் நாவை அடக்குவது ஆசிரியருக்குக் கஷ்டம்தான். கையேட்டு வகுப்புகளில் நடந்த தவறு இங்கேதான் தொடங்கியது.

ஆறு வயதில் தாளுக்கு வரலாம். சதுரத் தாளின் நான்கு முனைகளையும் நடுப்புள்ளிக்கு மடிக்கச் சொல்லுங்கள். சின்னச் சதுரம் ஒன்று கிடைக்கும், சாய்ந்து நிற்கும். அதைத் தள்ளித் திருப்பினால் நேரான சதுரம். சாய்ந்திருந்தபோது அது என்ன என்று கேளுங்கள். டைமண்ட் என்று சொல்லும் குழந்தைகள் இருப்பார்கள். மறுபடி திருப்பச் சொல்லுங்கள். அப்புறம், மடிந்த நான்கு முக்கோணங்களும் உள்சதுரத்தை இடைவெளி இல்லாமல் மூடுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூடுகின்றன. அப்படியானால் விரித்த தாள் இந்தச் சின்னச் சதுரத்தைப்போல் எத்தனை மடங்கு? இரண்டு என்ற பதில் வரும்வரை காத்திருங்கள்.

சமபக்க முக்கோணத்தைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் மடிக்கலாம். தாளை நெடுக்காகப் பாதியாக மடித்து விரித்தால் நடுக்கோடு கிடைக்கும். கீழே வலது முனையைத் தூக்கி, அது அந்த நடுக்கோட்டின்மேல் படியும்படி, கீழே இடது முனை வழியாக மடிக்க வேண்டும். வலது முனை நடுக்கோட்டைத் தொட்ட இடமே முக்கோணத்தின் உச்சி. அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தாளை விரித்து, புள்ளியையும் கீழிரு முனைகளையும் இணைத்து வெட்டினால் மூன்று பக்கமும் சமம். ஏன் சமம் என்று கேட்டால், மடித்துப் பார்த்த குழந்தை சொல்லும்: தாளின் அடி விளிம்புதானே தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கமாக ஆனது.

வெட்டியெடுத்த முக்கோணத்தைச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். உச்சி கீழே இருக்கும்படி மேசையில் வைத்து முக்கோணமா என்று கேளுங்கள். உச்சியிலிருந்து நேராகக் கீழே வெட்டி இரண்டாக்கி, ஒல்லியான பாதியைப் படுக்க வைத்து மறுபடி கேளுங்கள். வெட்டிய துண்டுகளில் ஒன்றின் பக்கத்தை வளைவாக நறுக்கிவிட்டு, இதுவும் முக்கோணமா என்று கேளுங்கள். 1999 ஆய்வில் குழந்தைகள் தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய இவைதான். ஒரு வாரம் கழித்து, வேறு தாளில், வேறு அளவில் இதே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு குழந்தையும் என்ன காரணம் சொல்கிறது என்று அதன் சொற்களிலேயே குறித்து வையுங்கள். "முக்கோணம் மாதிரி இருக்கு" என்பதிலிருந்து "மூணு பக்கம் நேரா இருக்கு" என்பதற்கு எந்தக் குழந்தை எப்போது மாறியது என்பது அந்தக் குறிப்பில் தெரியும். அடுத்த வார வேலையை அதை வைத்தே முடிவு செய்யலாம்.